பாயசக் கிண்ணத்தில் கறுப்பு பீர்

எங்கள் குவார்ட்டர்ஸில் நான் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தால் கொட்டத்தான் எடுக்கிறேன் என்று அர்த்தம். நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வாங்கி வரும் பிராந்தியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்து விடுவேன். அதற்காக வாங்கிய வசவுக்குக் கணக்கே இல்லை. டாக்டர் பயமுறுத்திய பிறகு அவராகவே விட்டுத் தொலைத்தார். அப்பாடா என்று இருந்த நேரத்தில்தான், பெங்களூரிலிருந்து லீவில் வந்த மகள் சாப்பாட்டு மேஜையில் ஒரு கறுப்பு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள்.

பயோடெக்னாலஜி படித்தவள். வேலை, பீர் தயாரிக்கும் கம்பெனியில். அது தெரிந்த நாளிலிருந்து நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் பிளாக் முழுக்க உணவுக் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தேன். விருத்தாசலத்திலிருந்து பெண் கேட்டிருந்த சம்பந்தக்காரர்களுக்கும் அதையே சொல்வதாக இருந்தேன். நல்ல இடம். அன்று மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்வதாக ஏற்பாடு. பொய் சொல்லிக் கட்டி வைத்தால் அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஒரு வாய் குடிச்சுப் பாரும்மா. பெல்ஜியம் நாட்டு முறையில நானே செஞ்சது. புடிக்கலன்னா நீயே கொட்டிடு."

"உங்கப்பா குடிச்சதப் பாத்து வளந்தவதானே நீ? அந்த வாடைக்கே என் பொடவைக்குள்ள வந்து ஒளிஞ்சிக்குவியே?"

"அப்பா மூக்கப் புடிச்சிக்கினு முழுங்குவாரு. அதுல ருசின்னு ஒண்ணு பாத்திருப்பாராம்மா?"

இதற்குத் திட்டுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் அவள் பாயசக் கிண்ணம் இரண்டை எடுத்துவந்து மெல்லச் சாய்த்து ஊற்றினாள். அடியில் வண்டல் இருக்கிறது என்று கடைசியைப் பாட்டிலிலேயே விட்டாள். நன்னாரி சர்பத்தின் நிறம், மேலே பழுப்பு நுரை. முந்தானையை மூக்கருகே தயாராக வைத்துக்கொண்டுதான் குனிந்தேன். அந்தப் பழைய நெடி வரவில்லை. முத்திய பாகு, பேரீச்சம்பழம், கிராம்பு. கரும்பு அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் தாண்டும்போது பஸ் ஜன்னலில் வருமே, அந்த வாசனையும் கொஞ்சம் இருந்தது.

ஒரு வாய் குடித்தேன். முதலில் இனிப்பு, விழுங்கும்போது கசப்பு, அதன் பிறகு நெஞ்சுக்குள் இதமான ஒரு சூடு. இனிப்பா, கசப்பா? தீர்மானிப்பதற்காக இன்னொரு வாய். அப்போதும் தெரியவில்லை. மெதுவாக, மெதுவாக என்று மகள் கையைப் பிடித்தாள். எனக்குப் பிடித்திருந்தது. எரிச்சலே அதுதான். இது நன்றாக இருக்கிறது என்றால் இத்தனை வருடம் நான் எதோடு சண்டை போட்டேன்? அந்தச் சண்டையில் நியாயம் என் பக்கம்தான், அதில் சந்தேகமே இல்லை. இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் தலை சுற்றியது.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மாதான். நலம் விசாரித்து முடித்து நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணு என்னா வேல பாக்குதுங்க?"

மகள் எழுந்து நின்று என்னையே பார்த்தாள். உணவுக் கம்பெனி என்ற வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது.

"பீர் செய்யுற கம்பெனிங்க. அவதான் செய்யிறா."

"ஐயய்யோ! பொம்பளப் புள்ளையா? குடிக்கவும் குடிக்குமா?"

"ருசி பாக்கணும் இல்லீங்களா? நானே இப்பதான் குடிச்சேன். நல்லாதான் இருக்குது."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

நல்ல இடம் கைநழுவிப் போயிற்று. சொன்னது நானா, உள்ளே போன அந்த அரைக் கிண்ணமா என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. மீதியோடு என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷம், தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். மகள் பின்னாலேயே வந்து நின்றாள். தடுக்கவில்லை.

குழாயை மூடினேன். மீதியைக் குடித்துவிட்டு, "இதுல கிராம்பு எவ்ளோடி போட்ட?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கிராம்பே போடலம்மா. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கும்போது தானா வர்ற வாசனை அது."