மச்சானும் ஏறிய கப்பல்

எங்கள் கப்பல் சின்னது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் போகப் போகிறேன் என்று சொன்னதும், பெரியநாயக்கன்பாளையத்தில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நீச்சல்குளம் இருக்குமா, சினிமா போடுவார்களா என்று கேட்டார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. கொச்சியில் கிளம்பி, லட்சத்தீவில் ஒரு தீவைப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் காலையில் திரும்பி வருகிற கப்பல். நூற்றைம்பது பேர் ஏறினால் நிறைந்துவிடும். சாப்பிட ஒரு கூடம், நின்று கடல் பார்க்க ஒரு மேல்தளம், படுக்கச் சின்னச் சின்ன அறைகள், அவ்வளவுதான். ஆனால் துறைமுகத்தில் அதன் பக்கத்தில் போய் நின்று, வெள்ளை பெயிண்ட் அடித்த இரும்புச் சுவரை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கப்பல் ஏறுகிறேன்.

நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பேன். படிப்பு பத்தாவது. லேத் ஓடும்போது யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது. நாலு பேர் சேர்ந்து நின்றால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பயணம் மகளின் ஏற்பாடு. கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். "பெரிய கப்பல்னா நீங்க ரூமை உட்டு வெளியவே வரமாட்டீங்கப்பா. இதுல ஒளியறதுக்கு எடமே இல்லை, எல்லாரும் எல்லாரையும் பார்த்தே தீரோணும்" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஏணிப்பாலத்தில் ஏறி மேலே போனதும், மனைவியும் மகளும் அறையைத் தேடிக் கீழே போய்விட்டார்கள். நான் அங்கேயே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கப்பல் இன்னும் கட்டித்தான் இருந்தது. ஆனாலும் காலுக்கடியில் எஞ்சின் ஓடும் அதிர்வு மெல்லத் தெரிந்தது. நல்ல ஓட்டம், உதறல் இல்லை. அதைக் காலால் கேட்டுக்கொண்டே கீழே பார்த்தேன். வேட்டி சட்டையில் ஒருவர், கையில் மஞ்சள் பையோடு பாலத்தில் ஏறி வந்துகொண்டிருந்தார். பின்னால் என் அக்கா. அதற்குப் பின்னால் அக்கா மகள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு.

வேட்டிக்காரர் என் மச்சான், அக்காவைக் கட்டியவர். இரண்டு வருடமாக அவரும் நானும் பேசுவதில்லை.

காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அவரைத் தனித்தனியாக "வாங்க" என்று கேட்க வேண்டும். படுத்திருப்பவர்கூட எழுந்து உட்கார்ந்து கேட்பார். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேர் வந்தால் ஐந்நூறு வாங்க. ஒருவரைக் கேட்காமல் விட்டால் மறந்துவிட்டோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீ வந்தது பிடிக்கவில்லை என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

நான் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, மச்சான் தொண்டாமுத்தூரிலிருந்து சீர்த்தட்டுகளோடு வந்தார். கூடவே அவருடைய பங்காளிகள் எட்டுப் பேர். எல்லோரும் பெரிய மீசைக்காரர்கள். வாசலில் நான்தான் நின்றேன். அத்தனை பேரைச் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. சிரித்தேன், கையெடுத்துக் கும்பிட்டேன், அத்தோடு சரி. மச்சான் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். பங்காளிகளும் கிளம்பிவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே வண்டி ஏறினாள்.

வருகிற தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான். மாமன் சீரை நான் செய்ய வேண்டும். முதல் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வருமா என்று தெரியவில்லை. ஆகவேதான் என் மகளும் அக்கா மகளும் சேர்ந்து, இரண்டு வீட்டுக்கும் தெரியாமல், ஒரே கப்பலில் சீட்டுப் போட்டிருக்கிறார்கள்.

மச்சான் பாலத்தின் பாதிக்கு வந்துவிட்டார். கேட்டுவிடு, கேட்டுவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், நின்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் பக்கத்தில் நின்ற கப்பல் சிப்பந்தி கை கூப்பி "வெல்கம் சார்" என்று பெரிய குரலில் சொல்லிவிட்டான். மச்சான் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போனார். அக்கா மட்டும் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அறையில் மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நாமதான முன்னால ஏறுனது? முன்னால வந்தவீங்கதான் ஊட்டுக்காரங்க மாதர. நீங்கதான கேக்கோணும்?"

"கப்பல் நம்முளுதாங்கிறே?"

"அந்த வெல்கம்காரனுதும் இல்லையே! அவன் கேட்டான்ல?"

நான் மேல்தளத்துக்கு ஏறிப் போய்விட்டேன்.

கப்பல் கிளம்பியது. அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கரை தானாக நகர்ந்து போவது போல இருந்தது. கிரேன்கள் சிறுத்தன, மீன்பிடி வலைகள் சிறுத்தன. தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து மை மாதிரி ஆனது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெள்ளி வெள்ளியாக மீன்கள் பறந்தன. உண்மையாகவே பறந்தன, குருவி மாதிரி, பத்தடி இருபதடி தூரம். "பறக்குது! பறக்குது!" என்று நான் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அடுத்த மீனுக்கும் கத்தினேன்.

மகள் சொன்னது சரிதான், ஒளிய இடமே இல்லை. நடைவழி அவ்வளவு குறுகல். எதிரே ஆள் வந்தால் இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி, சுவரில் முதுகை ஒட்டித்தான் தாண்ட முடியும். அன்று மாலைக்குள் மச்சானும் நானும் மூன்று தடவை அப்படித் தாண்டினோம். தொப்பையோடு தொப்பை உரசியது, பேச்சில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே நீள மேஜை. ஆபத்து வந்தால் எந்தப் படகில் ஏற வேண்டும் என்று ஒத்திகை நடத்தினார்கள். ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றால், எனக்கு முன்னால் மச்சான்.

"கப்பல் முழுகுனாலும் ஒரே போட்டுலதான் போகோணுமாட்ட இருக்குது" என்று அவர் அக்காவிடம் சொன்னார்.

"அப்பவாச்சும் பேசுவீங்களா ரண்டு பேரும்?" என்றாள் அக்கா.

"கேக்க வேண்டியவீங்க கேட்டாப் பேசலாம்."

அவருடைய மிதவைச் சட்டையின் வார் முதுகில் முறுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யக் கை நீட்டினேன். பாதியில் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் தீவு. கப்பல் கரை வரை போகாதாம், ஆழம் போதாது. நடுக்கடலில் நிறுத்தி, சின்னப் படகுகளில் இறக்கினார்கள். படகு ஒரு ஆள் உயரம் எழும்பி இறங்குகிறது. இரண்டு தீவுக்காரர்கள் நம் கைகளைப் பிடித்து, சரியான நேரம் பார்த்து அப்படியே தூக்கி வைத்துவிடுகிறார்கள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். கண்ணைத் திறந்தபோது படகில் உட்கார்ந்திருந்தாள். "இன்னொருக்கா போலாமா?" என்றாள்.

கரையோரத் தண்ணீர் இடுப்பளவு, கண்ணாடி மாதிரி. முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தேன். அடியில் இன்னொரு ஊரே இருந்தது. மஞ்சள் மீன், கோடு போட்ட மீன், கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. என் கை விரலை அவை மோந்து பார்த்துவிட்டுப் போயின. மூச்சு முட்டுகிற வரை பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. மனைவியும் மகளும் மணலில் தூரத்தில் இருந்தார்கள். பத்தடி தள்ளி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மச்சான். அவரும் அந்த நேரம்தான் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியிருந்தார். தோட்டத்தில் யானை நின்றால்கூடப் பதறாமல் டார்ச் அடித்து விரட்டுகிற மனுஷன். முகமெல்லாம் சிரிப்பாக, யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் தேடினார். என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. அத்தனை அழகையும் பார்த்துவிட்டு, சொல்ல ஆளில்லாமல் நின்றோம், இரண்டு கிழவர்களும்.

மறுநாள் கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மனைவி ஒரு வழி சொன்னாள். "நீங்க அவங்க ரூமுக்குப் போங்க. வந்தவீங்களை அவரு கேக்கோணும். கேட்டாரு, பிரச்சனை முடிஞ்சுது. கேக்கலையா, அன்னைக்கு நீங்க கேக்கல, இன்னைக்கு அவரு கேக்கல, சரிக்குச் சரி. எப்படிப் பார்த்தாலும் நமக்கு நட்டமில்லை."

சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். அவர்கள் அறை எங்களுடையதிலிருந்து நாலாவது. கதவைக் கொக்கி போட்டுத் திறந்து வைத்திருந்தார்கள். அக்காவுக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்திருந்தாள். கீழ்க்கட்டிலில் மச்சான் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். அவர் பார்த்தார். நான் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

பத்து நொடிதான் இருக்கும். கேட்காத வாசலில் நிற்பது எவ்வளவு நீளம் என்று அப்போது தெரிந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. இவரை எட்டுப் பேர் முன்னால் இப்படி நிறுத்தியிருக்கிறேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன்:

"வாங்க மச்சான். வாங்கக்கா."

அக்கா எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங் மாப்ள," என்றார் மச்சான், "என்ற ரூமுக்கு வந்து என்னையவே வாங்கங்கறீங்க?"

"அன்னைக்குக் கேக்க வேண்டியதுங்க மச்சான். இப்பத்தான் வருதுங்க."

"ரண்டு வருசமா லேத்துல வெச்சுக் கடைஞ்சீங்களாட்ட இருக்குது!"

அக்கா சிரித்தாள். சிரித்ததில் தலைசுற்றல் கூடி மறுபடி படுத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. நாலு பேரு பார்க்க உட்டது, ரூமுக்குள்ள கேட்டாச் சரியாப் போயிருமுங்களா?"

"ஏனுங்க?" என்று அக்கா அதட்டினாள். "தம்பி கூச்சக்காரன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீ கம்முனு இரு அம்மணி. எனக்கும் பங்காளிக இருக்கறாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். எனக்கே தெரிந்தது.

அரை மணி நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. நான் முதல் ஆளாகப் போய்க் கூடத்தின் கதவருகே நின்றேன். உள்ளே பரிமாறுகிறவர்கள், ஏற்கெனவே வந்து உட்கார்ந்த இருபது முப்பது பேர். மலையாளக் குடும்பங்கள், பெங்களூர்ப் பிள்ளைகள். நடைவழியில் மச்சான் வந்தார். பின்னால் அக்கா, அக்கா மகள், என் மனைவி, மகள். அவர்களுக்குப் பின்னால் பசியோடு பாதிக் கப்பல். அவர் வாசலுக்கு வந்து நின்றார்.

"வாங்க மச்சான்!" என்றேன்.

லேத் சத்தத்துக்கு மேல் ஆளைக் கூப்பிடுகிற குரல் வந்துவிட்டது. கூடமே திரும்பியது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"வந்தனுங் மாப்ள" என்றார் மச்சான், அதே சத்தத்தில். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கக்கா. வா கண்ணு." அக்கா மகள் அழுதுகொண்டே உள்ளே போனாள். அதோடு நான் நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்து ஒரு மலையாளத்துப் பெரியவர் வாசலில் நின்றார். என் முன்னால் வந்து நிற்கிறவரை எப்படிக் கேட்காமல் விடுவது? "வாங்க" என்றேன். அவர் கும்பிட்டார். அவர் மனைவியை வாங்க என்றேன். பெங்களூர்ப் பிள்ளைகளை வாங்க என்றேன். அவர்கள் "தேங்க்யூ அங்கிள்" என்றார்கள். ஒருவரைக்கூட விடவில்லை. வாய் கட்டவிழ்ந்தது மாதிரி இருந்தது. நிறுத்தவே மனமில்லை. கடைசியில் வந்த கப்பல் அதிகாரியைக்கூட அவர் கப்பலிலேயே வரவேற்றேன்.

"போதுமுங் மாப்ள, சோறு ஆறுது" என்று மச்சான் கூப்பிட்டார்.

போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். தீவில் பார்த்த மீன்களைப் பற்றி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். கத்தரிப்பூ நிற மீனை அவரும் பார்த்திருந்தார். கோடு போட்டதை நான்தான் அதிகம் பார்த்திருந்தேன். சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே, மீன் பேச்சை விட்டுவிட்டு அவர் கேட்டார்:

"வர்ற வெள்ளிக்கிழமை ஊட்டுல இருப்பீங்களா மாப்ள? பத்திரிகை வெக்க வாரோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "விடியறதுல இருந்தே வாசல்லதான் நிப்பாருங்கண்ணா. பாத்து வாங்க, பால்காரனையே பத்து தடவை வாங்கன்னு கேட்டுப்போடுவாரு."