இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ

பரமத்தி வேலூர்ச் சாலையில் என் காரை ஓட்டிய மைத்துனன், வெற்றிலை வண்டிக்காரர் ஒருவர்மீது மோதி அவர் காலை முறித்துவிட்டான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதலாமா என்று தயங்கினேன்.

"அம்மன்கிட்டப் பூக் கேட்டுரலாமுங்க, மச்சான்" என்றான். வெள்ளைப் பூ வந்தால் எழுதுவது, சிவப்பு வந்தால் விடுவது. அவனே இரண்டு பொட்டலம் மடித்து அம்மன் முன்னால் வைத்தான். நான் எடுத்ததில் சிவப்பு. விட்டுவிட்டேன்.

வண்டிக்காரர் வழக்குப் போட்டார். உடனே தெரிவிக்கவில்லை என்று கம்பெனி கையை விரித்தது. அந்தக் கோயில் பூசாரியிடம் போய்ப் புலம்பினேன்.

"நீங்க போன பொறவு மிச்சப் பொட்டலத்தைப் பிரிச்சேனுங்க. அதுலயும் சிவப்புத்தானுங்க" என்றார்.

விபத்தன்று மைத்துனன் கள் குடித்துவிட்டு ஓட்டியிருந்தானாம். விசாரணை வரக்கூடாதென்று அம்மனையே ஏமாற்றியிருக்கிறான். த்தூ! ஒருவர் கால் ஒடிந்துகிடக்கும்போது பூக் கேட்கப் போன என்னையும் சேர்த்துத்தான் துப்ப வேண்டும்.

இப்போதெல்லாம் வண்டி லேசாக உரசினாலும் அன்றே கம்பெனிக்குக் கடிதம் போட்டுவிடுகிறேன். கோயிலில் கும்பிடுகிறேன், எதையும் கேட்பதில்லை.