நடுக்கத்தின் மேல் போட்ட பழி

திண்டுக்கல்லில் நான் ஸ்டுடியோ வைத்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது ஃபிலிம் கேமராதான். லென்ஸின் வளையத்தைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் பிடிப்போம். படம் மங்கினால் தப்பு என்னுடையது, பேச்சே இல்லை. டிஜிட்டலுக்கு மாறியபிறகு அந்தத் தெளிவு என்னிடம் இல்லாமல் போனது.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு புதுக் கேமரா வாங்கினேன். அதில் ஆட்டோஃபோகஸை நாமே திருத்திக்கொள்ளலாம். சில லென்ஸ்களில் ஃபோகஸ் ஆள் மேல் விழாமல் ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ போய் விழும். எவ்வளவு தள்ளிப் போகிறது என்று சோதித்து, மெனுவில் பிளஸ் மூன்று, மைனஸ் ஐந்து என்று ஓர் எண்ணை ஏற்றினால் சரியாகிவிடும். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக எடுக்கும் என் டெலி லென்ஸுக்கு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அந்த எண்ணைக் கண்டுபிடித்தேன். டீக்கடையில் மற்ற ஸ்டுடியோக்காரர்களிடம் அதைப் பற்றி ஒரு வாரம் பெருமை அடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வடமதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இல்லை. கத்தரித் தோட்டம் வைத்து ஒரே மகனைப் படிக்க வைத்தவர். மகன் பாதிரியாராகிற குருப்பட்டச் சடங்குக்குப் படம் எடுக்கக் கூப்பிட வந்திருந்தார்.

“ஆயர் எண்ணெய் பூசின அவன் கையை நான் முத்தி செய்வேன்ல தம்பி, அது ஒண்ணு மட்டும் நல்லா விழுகணும். மத்ததெல்லாம் எப்புடி இருந்தாலும் சரி” என்றார்.

பீடத்தின் பக்கம் போட்டோக்காரர்கள் வரக்கூடாது என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். நான் கோவிலின் பின்பக்கம், பாடகர்கள் நிற்கும் மாடத்துக்கு ஏறினேன். அங்கிருந்து டெலி லென்ஸும் எட்டவில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே எக்ஸ்டெண்டரை மாட்டினேன். தூரத்தை இரண்டு மடங்கு கிட்டே கொண்டுவரும் சின்னக் குழாய் அது. அதை மாட்டி ஒரு சோதனைப் படம்கூட எடுக்கவில்லை. லென்ஸைத்தான் திருத்திவிட்டோமே என்ற திமிர்.

அந்த அம்மா முழங்காலிட்டு மகனின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். பதினோரு படம் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன. பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கித் திறந்தேன். பதினோரு படத்திலும் அம்மாவும் மகனும் மங்கல். பின்னால் பீடத்துணியின் பூவேலை மட்டும் நூல் நூலாகத் தெரிந்தது.

ஆல்பம் பார்க்க அவர் பஸ் ஏறித் தனியாக வந்தார். என் மனைவிக்கென்று ஒரு பை நிறையக் கத்தரிக்காய். நான் படங்களைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஏன் தம்பி இப்புடி இருக்கு?”

அவர் கை லேசாக நடுங்கும். முதல் நாளே கவனித்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். “நீங்க அசைஞ்சுட்டீங்கம்மா. கை நடுங்கிருச்சு. அதான்.”

அவர் வலது கையைச் சேலை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். “நானே கெடுத்துட்டேனா?” என்றார். நான் அடுத்த படத்தைக் காட்டினேன். சுமாரான மற்ற படங்களை வைத்து ஆல்பத்தை முடித்துக் கொடுத்தேன்.

அவர் போனபின் என் மனைவி அந்தப் படங்களைப் பார்த்தாள். ஆல்பம் வேலை எல்லாம் அவள்தான் செய்வாள்.

“என்னங்க, அவங்க கை நடுங்குச்சுன்னா மகன் மூஞ்சி ஏன் மங்கலா இருக்கு? பின்னாடி துணி மட்டும் எப்புடி இம்புட்டுத் தெளிவா இருக்கு?”

மறுநாள் மாடியில் ஒரு செய்தித்தாளைச் சாய்வாக ஒட்டி, எக்ஸ்டெண்டரோடு எடுத்துப் பார்த்தேன். நான் குறி வைத்த வரி மங்கல், பின்னால் இருந்த வரிகள் தெளிவு. மெனுவைத் திறந்தேன். லென்ஸுக்கு நான் போட்ட எண் லென்ஸுக்கு மட்டும்தான். எக்ஸ்டெண்டர் சேர்ந்தால் கேமரா அதை வேறு லென்ஸாக எடுத்துக்கொள்கிறது. அங்கே எண் பூஜ்யத்தில் இருந்தது. மைனஸ் ஏழு போட்டதும் எழுத்து பளிச்சென்று வந்தது. கால் மணி நேர வேலை.

உடனே வடமதுரைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று நாலைந்து மாதம் கடத்தினேன்.

பிறகு அதே ஊரில் ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குப் படம் எடுக்கப் போனேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். யாரோ ஒரு பெண், “சின்னம்மா, நீயும் வா” என்று பின்னால் பார்த்துக் கூப்பிட்டாள்.

“நான் வேணாம்டி. நான் நின்னா கை நடுங்கும், படம் வீணாப் போகும்” என்று ஒரு குரல் வந்தது. அந்த அம்மா. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே அமுக்கி முடித்தேன்.

பந்தி நடக்கும்போது அவரிடம் போனேன். “அம்மா, அன்னைக்குப் படம் கெட்டது உங்களால இல்ல. என் கேமராவை நான் சரியா வைக்கல. உங்க கை இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார். “அப்ப ஏன்யா என்னையச் சொன்ன?”

நான் லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

“சாமிகிட்டயும் சொல்லிட்டேனேய்யா. நாந்தான் கெடுத்துட்டேன்னு போன்ல மன்னிப்புக் கேட்டேன்” என்றார். மகனைத்தான் சாமி என்றார். குருவானபின் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “நீயே அவருகிட்ட சொல்லிரு.”

அந்த வாரமே அந்த இளம் குருவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “அம்மாகிட்ட சொல்லிட்டீங்கல்ல?” என்று கேட்டார். “சொல்லிட்டேன் ஃபாதர்” என்றேன். “சரி” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த மங்கல் படங்களில் ஒன்றையாவது கொண்டு வரும்படி அந்த அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார். வெயிலில் சாய்த்துப் பிடித்து, மகன் கை இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.