பேசியவர்கள் பட்டியல்

நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. வகுப்பில் பேசிய பிள்ளைகளின் பெயர்களைப் போர்டில் எழுதி, அதைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார் மூன்றாம் வகுப்பு டீச்சர். முதல் பெயர் என் மகளுடையது. பக்கத்தில் நான்கு பெருக்கல் குறி. அதற்குக் கீழே யாரோ ஒரு அப்பா சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தார். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

தாம்பரத்தில் நான் படித்தபோதும் இதே கதைதான். கிளாஸ் லீடர், பேசுகிறவர்கள் பெயரை எழுதுவாள். எழுதிய பிறகும் பேசினால் ஒரு பெருக்கல் குறி. என் பெயருக்குப் பக்கத்தில் போர்டே போதாது. வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "ரெண்டு வார்த்தைக்கு மேல பேசித் தொலைக்காத" என்று அம்மா கையைக் கிள்ளினாள். அந்த வாயை வைத்துத்தான் இன்று சோறு தின்கிறேன். கம்பெனிகளிலும் கல்லூரிகளிலும் மைக்கைக் கையில் கொடுத்து, பேசுங்கள் மேடம் என்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை இது. அத்தனை பேர் அடக்கியும் அடங்காமல் வந்தது.

அந்தப் படம் வந்த நாளிலிருந்து மகள் வீட்டிலும் பேசவில்லை. ஷூவைக் கழற்றும் முன்பே கதையை ஆரம்பிக்கிறவள், ஒரு வாரமாக எதைக் கேட்டாலும் 'ம்' என்றாள். சனிக்கிழமை அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு இரும்புலியூரிலிருந்து நேரே பள்ளிக்குப் போனேன். பிரின்சிபால், டீச்சரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்களே பெரிய ஸ்பீக்கர். வீட்ல கொஞ்சம் சொல்லி வையுங்க மேடம்" என்றார் டீச்சர்.

விட்டேன் பாருங்கள்! எங்கே குரலை ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாதா? வெளியே காத்திருந்த பெற்றோர்கூட எட்டிப் பார்த்தார்கள். குரூப்பிலிருந்து படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்ற பிரின்சிபால், மகள் பக்கம் குனிந்தார்.

"நீ சொல்லும்மா. கிளாஸ்ல என்ன பேசிட்டிருந்த?"

"அவ ரொம்ப பயந்து போயிருக்கா சார்" என்றேன்.

"பரவால்ல, அவளே சொல்லட்டும்."

"பாடத்தப் பத்திதான் சார் பேசியிருப்பா, வேற என்ன!"

ஜெயித்துவிட்ட மிதப்பில் வெளியே வந்தேன். "பாத்தியா, அம்மா எப்படிக் கேட்டேன்!" என்று வண்டியை எடுத்தேன். ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் நின்றபோதுதான், ஒரு வாரம் கழித்து, அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு பேச்சு வந்தது.

"சார் என்னத்தானேம்மா கேட்டாரு? சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். நீ விடவே இல்ல."

எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தலையைத் திருப்பி, "என்னடா கண்ணா சொல்ல வந்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.