குரல் வேண்டும்... ஆள் வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் நிறைந்த ஹாலில் எழுந்து நின்று சத்தம் போட்டேன். என் வயதுக்குச் செய்யக்கூடிய காரியமில்லைதான். ஆனால்... கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு மாடியில்தான் அந்த ராக் பேண்ட் பிராக்டிஸ் செய்யும். கிடார் வாசிக்கும் செல்வின் லீடர். பாடுவது ரெஹானா - மேலப்பாளையத்துப் பெண், பிசிக்ஸ் டீச்சர். பாட்டெல்லாம் அவள் எழுதி, அவளே மெட்டுப் போட்டவை. டிரம்ஸ் சத்தத்தில் எனக்கு மத்தியானத் தூக்கம் போகும். பொறுத்துக்கொண்டேன். பாட்டு அப்படி!

சென்னைக் கம்பெனி ஒன்று ஆல்பம் போட முன்வந்தது. ஸ்டுடியோவில் ரெக்கார்டிங்கும் முடிந்தது. அப்புறம் வந்தது கண்டிஷன் - பாடகியை மாற்றுங்கள். ஏனாம்? உச்சரிப்பு 'லோக்கலாக' இருக்கிறதாம்.

திருநெல்வேலி பேண்டில் திருநெல்வேலி கேட்டால் குற்றமா?

செல்வின் தலையாட்டிவிட்டான். ரெஹானாவுக்கு ஒரு வாட்ஸப் மெசேஜ். அவ்வளவுதான்.

வெளியீட்டு விழாவில், கடைசி வரிசையில் அவளைப் பார்த்ததும் பதறிவிட்டேன்.

"நீ எதுக்கும்மா வந்தே?"

"என் பாட்டு எப்படி வந்திருக்குன்னு கேக்க வேண்டாமா அண்ணாச்சி?"

ஆல்பத்தை ஒலிக்கவிட்டார்கள். புதுப் பாடகி நிவேதா, சென்னைப் பெண், நன்றாகவே பாடியிருந்தாள். ஆனால் பின்னால் ஒரு ஹம்மிங்... ரெஹானாவின் முகம் வெளிறிவிட்டது.

"அது நாந்தான் அண்ணாச்சி."

ஆளைத் தூக்கிவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அட்டையில் படமுமில்லை, பெயருமில்லை.

"ஏலே செல்வின்! அந்த ஹம்மிங் யாருதுலே? பாட்டெல்லாம் எழுதின நம்ம ரெஹானாவோடதுல்லா?" என்று கத்தினேன்.

மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தான். "பைய பேசுங்க அண்ணாச்சி... பொறவு சொல்லுதேன். கம்பெனி சொல்லிச்சு, நான் என்ன செய்ய?"

ரெஹானா கேட்டாள்: "கம்பெனி சொல்லிச்சு, சரி. நீ என்ன சொன்னே?"

செல்வின் மேடைப் பக்கம் திரும்பினான்.

அதற்குள் நிவேதா வந்துவிட்டாள். "யாரோ மாதிரிக்கு டிராக் பாடின பொண்ணோட ஹம்மிங்னுதானே என்கிட்ட சொன்னீங்க?" என்று செல்வினைக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் கையிலிருந்த மைக்கை ரெஹானாவிடம் நீட்டினாள். "உங்க பாட்டுங்க. நீங்க பாடுங்க."

பாடினாள். முதல் வரியில் குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினாள். அப்புறம் ஹாலில் ஒரு செல்போன்கூட ஒலிக்கவில்லை.

பெயர் போடுவதாகச் செல்வின் சொல்லியிருக்கிறான். கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை. ரெஹானா பேண்டுக்குத் திரும்பப் போவதில்லை.

பேண்டில் ஆள் மாறுவது சகஜம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தியின் முகத்தைப் பார்த்து 'நீ வேண்டாம்' என்று சொல்லத் தைரியமில்லாதவர்களுக்கு... ராக் என்ன வேண்டிக்கிடக்கிறது?