காலியாக வந்த கஞ்சி வாளி

மூன்று வருடங்களுக்கு முன்பு, இலங்கையில் மாத்தளைக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் உக்குவளையில் நடந்தது இது. என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. ரயில் பாதையைக் கடந்து பத்து நிமிடம் நடந்தால் அவள் பள்ளிக்கூடம். சின்னப் பள்ளிக்கூடம்தான், அவள் வகுப்பில் மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள்.

சாமான் விலையெல்லாம் ஏறிக் கிடந்த நேரம். காலையில் பாலில்லாத பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டுமாக வரும் பிள்ளைகள் பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலையைச் சாய்த்துவிடுகிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சொன்னார். அதனால் அம்மாக்கள் முறை வைத்து இலைக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவது என்று முடிவானது. சிவப்பரிசி, தேங்காய்ப் பால், வல்லாரை மாதிரி ஏதாவது ஒரு கீரையின் சாறு, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. செவ்வாய்க்கிழமை என் முறை. வியாழக்கிழமை அவள் முறை.

அவள் என்று நான் சொல்வது என் மகளோடு படித்த ஒரு பையனின் அம்மாவை. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மாத்தளை ரோட்டில், வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் வாசனைச் சரக்கு, மருந்துச் செடித் தோட்டம் ஒன்றில் வேலை செய்தாள். எந்தச் செடியைக் காட்டினாலும் தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்லுவாள். யார் பிள்ளைக்குத் தடிமன், யாருக்கு இருமல் என்றாலும் பள்ளிக்கூட கேட்டில் நின்றபடியே கைவைத்தியம் சொல்லிவிடுவாள். மற்ற அம்மாக்கள் அவளைச் சுற்றி நின்று கேட்பார்கள். நான் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டு கேட்பேன்.

வியாழக்கிழமைகளில் அவள் வாளி காலியாகத் திரும்பும். செவ்வாய்க்கிழமைகளில் என் வாளி பாதிக் கஞ்சியோடு திரும்பும். அந்தப் பாதியை நானும் என் கணவரும் குடித்துத் தீர்ப்போம். "கஞ்சிக்கெல்லாமா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவ?" என்று அவர் சிரிப்பார். எனக்கோ மகள் பார்க்க அழுகை வந்துவிடும். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் சாம்பாருக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட என் கை, நேற்று வந்த ஒருத்தியின் கஞ்சிக்கு முன்னால் தோற்றுப் போவதா?

ஒரு வியாழக்கிழமை என் மகள் மேலுதட்டில் பச்சை மீசையோடு வீட்டுக்கு வந்தாள். "அம்மா, இன்னைக்கு நான் ரெண்டு கப் குடிச்சேன். ஆன்ட்டி கஞ்சி அவ்ளோ ருசிம்மா. நீங்களும் அவங்ககிட்ட கேட்டுச் செய்ங்க" என்றாள்.

ஊரார் பிள்ளைகள் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் பெற்றதே அப்படிச் சொன்னபோது வயிறு எரிந்தது. அன்று அவளுக்குத் தலை சீவிவிடும்போது வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்துச் சீவினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் கேட்டில் வைத்து, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு அவளிடமே கேட்டேன்.

"ஒன்னும் பெருசா இல்லக்கா. அரிசிய லேசா வறுத்துட்டுக் கொழைய விடுங்க. வல்லாரைய அரைச்சுப் புழிஞ்சு, சாற கடைசியா ஊத்துங்க. ஊத்தின பெறகு ஒரே கொதி, ஒடனே எறக்கிருங்க. நிறைய நேரம் கொதிச்சா கசந்துரும்" என்றாள்.

"அவ்வளவுதானா தங்கச்சி?"

"அவ்வளவுதான்க்கா."

நான் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. நான் யாருக்காவது சமையல் பக்குவம் சொன்னால் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொல்வேன். என் சாம்பாரில் என்ன சேர்கிறது என்று என் நாத்தனாருக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. நான் அப்படி என்றால் இவளும் அப்படித்தானே இருப்பாள்? மூன்று பாஷையில் மருந்துச் செடிக்குப் பெயர் சொல்கிறவள் வெறும் வல்லாரையை வைத்தா இத்தனை பிள்ளைகளை மயக்குகிறாள்? எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் சொன்னபடி ஒரு தடவைகூடக் காய்ச்சிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை மாலை கடைக்குப் போய்விட்டு வரும்போது ரயில் பாதை வேலியோரம் அவள் நிற்பதைக் கண்டேன். வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியிலிருந்து இலை பறித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். முடக்கொத்தான். ஊதிவிட்ட மாதிரி சின்னச் சின்னக் காய்களோடு தொங்கியது. மறுநாள் வியாழக்கிழமை, வழக்கம் போல அவள் வாளி காலி. பிடிபட்டாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

முடக்கொத்தான் கை கால் வலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருந்தேன். பெரியவர்களுக்கு நல்லது என்றால் பிள்ளைகளுக்கும் நல்லதுதானே, கீரைதானே, கூடினால் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அவள் கொஞ்சமாகப் பறித்தாள். அவளைத் தோற்கடிக்க வேண்டுமே! திங்கட்கிழமை மாலை நான் ஒரு கடைப் பை நிறையப் பறித்தேன். இலை, காய், இளந்தண்டு ஒன்றையும் விடவில்லை. காலையில் அத்தனையையும் அரைத்துப் பிழிந்து ஊற்றினேன். கட்டித் தேங்காய்ப் பால் விட்டு, கருப்பட்டியையும் கஞ்சியிலேயே கரைத்தேன். ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தேன். லேசாகக் கசந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் மகனை விட்டுவிட்டு கேட்டில் நின்றாள். "வாசம் புதுசா இருக்கே, என்ன கீரைக்கா?" என்று கேட்டாள்.

நான் மூடியை அழுத்திக்கொண்டேன். "சும்மா, எல்லாம் கலந்து போட்டேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ரகசியம் வைத்துக்கொள்வது எவ்வளவு இன்பம் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஒன்பதரை மணிக்கு டீச்சரின் போன் வந்தது. உடனே வாங்க, பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது என்றார். நான் ஓடினேன். அங்கே இருந்தது இரண்டே இரண்டு கழிவறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சிலரால் வரிசை வரும்வரை தாங்க முடியவில்லை. டீச்சர் தண்ணீர் வாளியோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவள் எனக்கு முன்பே வந்து, கொதித்தாறிய தண்ணீரில் சீனியும் உப்பும் கலந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எனக்கு முதல் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் மனதில் முதலில் உறைத்தது அதுதான்.

பிறகுதான் என் மகளைப் பார்த்தேன். இரண்டு வாங்குப் பலகையைச் சேர்த்துப் போட்டு அதில் படுக்க வைத்திருந்தார்கள். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. மற்ற பிள்ளைகள் அரைக் கப்போடு நிறுத்திவிட்டார்கள், இவள் மட்டும் மூன்று கப் குடித்தாள் என்று டீச்சர் சொன்னார். பிரின்சிபல் ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். நான் கூப்பிடாமலே அவளும் பக்கத்தில் ஏறினாள்.

"அக்கா, என்ன இலை போட்டீங்க?"

நான் பிள்ளையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரியில கேப்பாங்கக்கா. இலை தெரியாட்டி அவங்க எதுக்குன்னு மருந்து குடுப்பாங்க?"

மடியில் பிள்ளை துவண்டு கிடக்கிறாள். அப்போதும் எனக்கு வாய் திறக்க மனம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? ஆட்டோ ரயில் கடவையைத் தாண்டிய பிறகுதான் சொன்னேன். "முடக்கொத்தான்."

"எவ்வளவு?"

"ஒரு பை."

"பையா? ஏன்க்கா?"

"அன்னைக்கு வேலியில நீங்க பறிக்கிறதப் பாத்தேன். ஒங்க கஞ்சியில அதத்தான் போடுறீங்கன்னு நெனச்சேன்."

"அது எனக்குக்கா. நாள் பூரா நின்னு நின்னு முட்டி வலிக்குது. ஒரு புடி போட்டு ரசம் வச்சுக் குடிப்பேன். கூடிப்போனா வயித்தால போகும். காலையில கேட்டேனே, அப்பவே சொல்லியிருந்தா அந்த வாளிய உள்ள விட்டிருக்க மாட்டேனே" என்றாள். அவள் குரலில் கோபத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் மகனும்தான் குடிச்சிருக்கான்."

அந்த வரிசையில் அவள் மகனும் நின்றான். அவனை டீச்சரிடம் விட்டுவிட்டு என் பிள்ளையோடு வந்திருக்கிறாள். நான் அவனைக் கவனிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சிங்கள டாக்டர். கடை கண்ணிக்குப் போதுமான சிங்களம் எனக்கு வரும். ஆனால் அந்த இலைக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று தெரியாது. முடக்கொத்தான், முடக்கொத்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். டாக்டர் புரியாமல் பார்த்தார். விஷச் செடி ஏதாவதா, எந்த மாதிரிக் காய் என்று துருவித் துருவிக் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. அவள் முன்னால் வந்து "வெல்பெனெல" என்று ஒரே சொல்லில் சொன்னாள். எவ்வளவு இலை, எத்தனை கப், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். டாக்டரின் முகம் தெளிந்தது. பயப்படத் தேவையில்லை, உடம்பில் தண்ணீர்தான் குறைந்திருக்கிறது என்று சேலைன் ஏற்றச் சொன்னார். என்ன இலை என்றே தெரியாமல் போயிருந்தால் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னார். நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு ஒட்டுக்கேட்ட அந்த மூன்று பாஷை அறிவுதான் அன்று என் பிள்ளைக்குக் கைகொடுத்தது.

மதியத்துக்குப் பிறகு என் மகள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் குணமாகிவிட்டது என்று போனில் சொன்னார்கள். மகளின் தலையைத் தடவிக்கொண்டு, "ஏன்டா கண்ணு மூனு கப் குடிச்ச? கசக்கலயா?" என்று கேட்டேன்.

"கசந்திச்சு. எல்லாரும் பாதியிலயே வச்சுட்டாங்கம்மா. இன்னைக்கும் வாளி அப்டியே திரும்பி வந்தா நீங்க அழுவீங்கதானே. அதான் மிச்சத்த நானே குடிச்சேன். பெறகு டீச்சர் மத்தத வெளிய ஊத்திட்டாங்க. வாளி காலிம்மா."

கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வார்டுக்கு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது அவள் தன் மகனைப் பார்க்க பஸ் ஏறிப் போயிருந்தாள். போகும்போது பிள்ளையின் தலைமாட்டில் ஒரு செவ்விளநீர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மறுநாள் பிரின்சிபல் முன்னாலும் மற்ற அம்மாக்கள் முன்னாலும் நடந்ததை நானே சொன்னேன். எதற்காக அந்த இலையைப் போட்டேன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். சிலர் திட்டினார்கள், திட்ட வேண்டியதுதான். ஒருத்தர் என்னோடு வெகுநாள் பேசவில்லை. கஞ்சி இரண்டு வாரம் நின்றுபோனது. மறுபடி தொடங்கியபோது முறையில் என்னைச் சேர்க்க யாருக்கும் விருப்பமில்லை. "அக்கா என்கூட வரட்டும், ரெண்டு பேரும் சேந்து காய்ச்சுறோம்" என்று அவள்தான் சொன்னாள். அதற்கும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது. இவள் என்ன எனக்குப் பெருந்தன்மை காட்டுவது என்று. ஆனாலும் போனேன்.

அந்த வியாழக்கிழமை அவள் அடுப்படியில் நின்று கண் கொட்டாமல் பார்த்தேன். அரிசியை லேசாக வறுத்தாள். குழைய விட்டாள். வல்லாரையைப் பிழிந்து சாறைக் கடைசியில் ஊற்றினாள். ஒரு கொதி வந்ததும் இறக்கினாள். அவ்வளவுதான். கேட்டில் வைத்து என்னிடம் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவள் மறைத்திருக்கவில்லை.

இப்போது என் பிள்ளை ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அந்தத் தங்கச்சி சொன்னபடிதான் கஞ்சி காய்ச்சுகிறேன். எந்தக் கீரையானாலும் மருந்தானாலும் அளவு கேட்காமல் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. என்றாலும் அவள் கை ருசி எனக்கு வரவில்லை, என் மகளும் அதை மறைக்காமல் சொல்கிறாள். எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் அது தலைதூக்கும்போதெல்லாம், தெரியாததைத் தெரியாது என்று அவளிடமே வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டதற்காக, அம்மா அழக் கூடாதென்று ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி கசப்பை மூன்று கப் குடித்தாளே, அதற்குப் பிறகும் எனக்கென்ன வீம்பு வேண்டிக் கிடக்கிறது?