லூமுட்டிலிருந்து தாப்பாவுக்கு: விசா விண்ணப்பத்தில் பெயர் மாறிய சனிக்கிழமை

ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பேச ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேச்சு பேச்சாகவே இருந்தது. கடைசியில் போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வேண்டிய தாள்களைத் திரட்டிவிடுவது என்று முடிவு செய்து, ஈப்போவிலிருந்து லூமுட், அங்கிருந்து தாப்பா, மறுபடி ஈப்போ என்று எங்கள் பேராக் மாநிலத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தோம். மொத்தம் சுமார் 260 கிலோமீட்டர். இதே மாதிரி தாள் தேடி அலையப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நடுவில் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வெல்டர். லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் ஐந்து வருடம் இருந்தேன். நான்கு வருடத்துக்கு முன் ஈப்போவுக்கு வந்து, இப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். ஸ்டெல்லா பட்டம் முடித்த தாதி, அதாவது நர்ஸ். டயாலிசிஸ் பிரிவில் ஒன்பது வருட அனுபவம்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, அங்கே ஒரு முதலாளி வேலை கொடுத்து அவரே கூப்பிட்டுக்கொள்வது. இன்னொன்று புள்ளி முறை: வயது, ஆங்கிலம், படிப்பு, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, போதுமான அளவு சேர்ந்தால் விண்ணப்பிக்க அழைப்பு வரும். முதல் வழியில் எனக்கு யாரையும் தெரியாது. அதனால் இரண்டாவது. தம்பதியில் ஒருவர் முதன்மை விண்ணப்பதாரர், மற்றவர் துணையாக உடன் போகலாம், அங்கே வேலையும் செய்யலாம். எங்கள் திட்டத்தில் முதன்மை நான். ஏன் அப்படி என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆசை முதலில் என் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

காலை 6:40க்குக் கிளம்பினோம். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் பாதிக்கு மேல்தான் தெரிந்தன. கீழ்ப்பாதியைப் பனி எடுத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குப் பிறகு கண்ணாடியில் பார்த்தபோது அவை எங்களுக்குப் பின்னால் மிதந்து வருவது போலவே இருந்தது. ஸ்ரீ இஸ்கந்தர், போத்தா, சித்தியவான் வழியாக 85 கிலோமீட்டர், டோல் கிடையாது. சனிக்கிழமை காலை என்பதால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டோம்.

பட்டறை எட்டரைக்குத்தான் திறக்கும். படகுத் துறைக்கு எதிரில் காப்பி குடித்துக்கொண்டு நின்றோம். கடலில் ஒரு அலைகூட இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம், நடுவில் கோடு இல்லை. பங்கோர் தீவுக்குப் போகும் படகு சத்தமில்லாமல் அதற்குள் நுழைந்தது.

“தண்ணியில போறமாதிரியே இல்லலா,” என்றாள் ஸ்டெல்லா. “காத்துல போறமாதிரி இருக்கு.”

நான் தலையாட்டினேன். என் மனம் பையில் இருந்த கடிதத்தில் இருந்தது. ‘டேவிட் எங்களிடம் ஐந்து வருடம் வெல்டராக வேலை செய்தார்’ என்று நானே வீட்டில் தட்டச்சு செய்த கடிதம். பட்டறையின் தலைப்புத் தாளில் அதை ஏற்றி, முத்திரை குத்தி வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அலுவலகத்தில் கமலா அக்கா அதே மேசையில் இருந்தார். ஆட்களின் ஃபைல் எல்லாம் அவர் கையில்தான். கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை முதலாளி அவருக்கே கொடுத்திருந்தார்.

“டேவிட்டா? உடம்பு போட்டுட்டியேலா! உக்காருங்க ரெண்டு பேரும்.”

கடிதத்தைப் படித்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து என் ஃபைலை எடுத்து வந்தார். மறுபடி படித்தார்.

“தம்பி, அஞ்சு வருஷம் வெல்டர்னு போட்டிருக்க. மொத ரெண்டு வருஷம் நீ ஹெல்ப்பர்தானே? சர்டிபிகேட் எடுத்த பிறகுதானே வெல்டர் சம்பளம்?”

“ஹெல்ப்பரா இருந்தப்பவும் வெல்டிங் செஞ்சேன்தானே அக்கா.”

“செஞ்ச. நான் பாக்கலயா? ஆனா ஃபைல்ல அப்படி இல்லையே. அவங்க போன் போட்டு கேட்டா நான் என்னா சொல்றது? இந்தக் கடுதாசி பொய் சூராட்னு தெரிஞ்சா ஒனக்குத்தான் சூசா, கஷ்டம். அப்புறம் எந்தக் கதவும் தெறக்காது.” ஃபைலை மூடினார். “மூணு வருஷம்னு கேளு, இப்பவே அடிச்சுத் தாரேன்.”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஐந்து வருட அனுபவம் இருந்தால்தான் என் புள்ளிக் கணக்கு எட்டும். மூன்று என்றால் எட்டாது. இருந்தாலும் அடித்துத் தரச் சொன்னேன். தேதிகள், செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எல்லாம் சரியாகப் போட்டுக் கொடுத்தார். வாசல் வரை வந்து, “கோவிச்சுக்காதேலா தம்பி,” என்றார். கோபம் அவர்மேல் இல்லை.

பத்து மணிக்கு லூமுட்டை விட்டோம். தெலுக் இந்தான் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல். பேராக் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கீழே பழுப்புத் தண்ணீர் அகலமாக, அசைவதே தெரியாமல் கிடந்தது. தெலுக் இந்தானில் சாப்பாடு, இரண்டு பேருக்கு 24 ரிங்கிட். நான் பாதி சாப்பிட்டேன். வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றேன். ஸ்டெல்லா கேட்கவில்லை.

“தாப்பா வேல தாப்பா வேலதான். போலாம்.”

தாப்பாவில் அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் அந்தோணி. மற்ற எல்லாவற்றிலும் அந்தோணிசாமி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட, தேவாலயப் பதிவேடு ஒரு துணை ஆதாரம்.

பீடோர் தாண்டி, தாப்பாவுக்குச் சில கிலோமீட்டர் முன்னால், அவள் பிறந்த தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதை வந்தது. “கொஞ்சம் உள்ள போங்க,” என்றாள். ரப்பர் பால் வடிக்கும் கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரிசையாக இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் நின்றது. மட்டைகள் மேலே கூடிக்கொண்டதால் நடுப்பகலிலும் பச்சையான அரையிருட்டு. காரை நிறுத்தி இறங்கினோம். குளத்தின் அடியில் நடப்பது போல இருந்தது. எங்கோ தூரத்தில் யாரோ குலை வெட்டும் சத்தம், பிறகு அதுவும் இல்லை.

“ஒன்னு சொல்லணும்,” என்றாள். “கோவப்படாதீங்க. மார்ச்ல பினாங்குல ட்ரெய்னிங்னு போனேன்ல, அது ட்ரெய்னிங் இல்ல. இங்கிலீஷ் பரீட்ச எழுதப் போனேன்.”

எனக்குப் புரியவில்லை. “எதுக்கு?”

“என் பேருல போட்டா எவ்ளோ வருதுன்னு பாக்கத்தான். நல்ல மார்க் வந்துருக்கு. கணக்குப் போட்டுப் பாத்தேன். என்னையே மொத ஆளா போட்டா தாண்டிரும். ஒங்கள போட்டா, அஞ்சு வருஷம் இருந்தாகூட இழுபறிதான்.”

“அஞ்சு மாசமா ஏன் சொல்லல?”

“எப்படி சொல்றது? டெய்லி அந்த ஃபாரத்த வச்சிகிட்டு அவ்ளோ சந்தோஷமா பேசுனீங்க. ஒங்களுக்கே கெடச்சிருச்சுன்னா நான் சொல்லவே வேணாம்னு இருந்தேன்.”

நான் அந்த அரையிருட்டில் கொஞ்ச தூரம் நடந்தேன். என்னிடம் மறைத்தது வலித்தது. அவளுடைய புள்ளி என்னுடையதைவிடக் கூட என்பது அதைவிட வலித்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். ஒன்பது வருடமாக டயாலிசிஸ் பிரிவில் அவள் என்ன செய்கிறாள் என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. நான் வெல்டர் என்பதை மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தவிர, அன்று காலை நானும் ஒரு பொய்யைத் தட்டச்சு செய்து பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் காரில் சாய்ந்து நின்றிருந்தாள். முகம் பயந்திருந்தது. “சரி, ஏறு,” என்றேன்.

தாப்பா தேவாலய அலுவலகத்துக்கு இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் நாளே போன் செய்திருந்ததால், அலுவலகத்தில் இருந்த அம்மா பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழை எழுதி வைத்திருந்தார். அப்பாவின் பெயர் அதில் முழுதாக, அந்தோணிசாமி என்றே இருந்தது. உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“யாருலா வெளிநாடு போறது? தம்பியா?”

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். இரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு நான்தான் பதில்.

“இவங்கதான் அக்கா,” என்றேன். “தாதி வேலைக்கு. நான் கூட போறேன்.”

“நல்லா இருக்கட்டும்லா,” என்று உறையை அவளிடம் நீட்டினார். வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டு, கம்பார், கோப்பேங் வழியாகப் பழைய சாலையில் வந்தோம். 60 கிலோமீட்டர். மழை பிடித்துக்கொண்டதால் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வைப்பர் ஓடும் தாளத்தில் ஸ்டெல்லா தன் வார்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்: எந்த நோயாளிக்கு எந்தக் கையில் ஊசி போடணும், யார் ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள், யார் சிரிப்பார்கள். கண்ணாடிக்கு வெளியே குன்றுகள் கரைந்து கரைந்து வந்தன. அந்தச் சாலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கிளம்பப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தம்பதியாகப் போகிறீர்கள் என்றால், யார் முதன்மை என்று முடிவு செய்யுமுன் இருவர் பெயரிலும் தனித்தனியாகப் புள்ளி போட்டுப் பாருங்கள். நாங்கள் செய்யாத முதல் வேலை அது. சேமநிதி அறிக்கை நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள் என்று காட்டும், என்ன வேலை என்று காட்டாது. அதற்குப் பழைய முதலாளியின் கடிதம்தான் வேண்டும், பட்டறை மூடுவதற்கு முன்னால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உதவியாளாக இருந்த காலத்தைத் தொழில் அனுபவமாக எழுதாதீர்கள். எல்லாப் பத்திரத்திலும் அப்பாவின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். மலாய்ப் பத்திரங்களுக்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும். தாதி போன்ற வேலைகளுக்கு அந்த நாட்டில் தனிப் பதிவும் தேவை, அதற்குக் காலம் பிடிக்கும். விதிகள் அடிக்கடி மாறுவதால், கட்டணத்தையும் புள்ளியையும் அரசாங்க இணையப் பக்கத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். என்னை நம்பாதீர்கள்.

எங்களுக்கு இன்னும் விசா வரவில்லை. ஸ்டெல்லாவின் பதிவு முடிவதற்காகக் காத்திருக்கிறோம். வரலாம், வராமலும் போகலாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்து, அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் அவள் பெயரை அவளே அடித்தாள். அவளுடைய பக்கங்கள் முடிந்து துணைவர் விவரம் வந்தது. பெயர், வயது, தொழில் என்று கேட்டுக் கேட்டு அடித்தவள், ஒரு கட்டத்தில் விரலை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“வெல்டர் அனுபவம், எத்தன வருஷம் போடறது?”

“மூணு,” என்றேன்.